நேற்றைய ரொட்டியும் இன்றைய தக்காளியும்



ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சமையலைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் வியக்கக்கூடும். அடுப்படியும் ஒரு வகுப்பறைதான் என்பது என் எண்ணம். வேதியியல், தாவர இயல், வரலாறு, மொழி ஆகிய நான்கும் அங்கே ஒரே பாடவேளையில் நடைபெறுகின்றன. தேர்வும் உடனுக்குடன் முடிந்துவிடுகிறது. மதிப்பெண்ணை நாக்கு வழங்குகிறது.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இத்தாலி நாட்டுச் சிற்றுண்டி ஒன்று. ரொட்டித் துண்டைத் தணலில் சுட்டு, அதன்மேல் பூண்டைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, உப்பிட்ட தக்காளியை வைத்து உண்பது. அவ்வளவே அதன் இலக்கணம். பேருணவு வருவதற்கு முன், பசியைத் தூண்டுவதற்காக அதனை உண்கிறார்கள். நம் நகரங்களில் உள்ள பெரிய உணவு விடுதிகளிலும் இப்போது அது கிடைக்கிறது. விலையைக் கேட்டால் நாட்டுப்புறத்தார் மலைத்துப் போவர். ஆனால் அது பிறந்த இடமோ ஏழை உழவனின் குடிசை. இந்த முரண்பாட்டைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். இத்தாலியர் இதனைப் 'புரூஸ்கெட்டா' என்பர். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் 'புருஷெட்டா' என்று படிப்பவர் பலர். இத்தாலிய மொழியில் அவ்விடத்தில் ககர ஒலியே வரும். உரோமை வட்டார வழக்கில் 'புரூஸ்காரே' என்றால் தணலில் சுடுதல் என்று பொருள். ஆகவே இவ்வுணவு தக்காளியால் பெயர் பெறவில்லை. நெருப்பால் பெயர் பெற்றது. தக்காளி இல்லாமலும் புரூஸ்கெட்டா உண்டு. தணல் இல்லாமல் இல்லை.

இந்தச் சொல்லைத் தமிழில் எழுதும்போது நடுவே 'கெ' என்னும் குறில் வருகிறது அல்லவா? அதற்கும் ஓர் இத்தாலியரே காரணம். பழைய ஓலைச்சுவடிகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு தெளிவாக இராது. குறிலுக்குப் புள்ளியிட வேண்டும் என்பது இலக்கண விதி. ஓலையில் எழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவர். ஒற்றைக் கொம்பு குறிலுக்கும் இரட்டைக் கொம்பு நெடிலுக்கும் உரியவை என்று இன்று நாம் எழுதும் முறையை வகுத்தவர் வீரமாமுனிவர். அவர் 1680ஆம் ஆண்டு வட இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தவர், 'தேம்பாவணி' பாடியவர், 'சதுரகராதி' தொகுத்தவர். இத்தாலிக்கும் தமிழுக்கும் உள்ள உறவு நேற்று வந்த உறவன்று.

இனித் தக்காளியின் கதைக்கு வருவோம். இத்தாலிய உணவு என்றதும் உலகத்தார் நினைவுக்கு வருவது தக்காளியே. ஆயினும் அது இத்தாலிக்குரிய செடி அன்று. அதன் தாயகம் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஆண்டிஸ் மலைப்பகுதி. மெக்சிகோ நாட்டு மக்கள் அதனைப் பயிரிட்டு உண்டு வந்தனர். அவர்கள் மொழியின் 'டொமாட்ல்' என்னும் சொல்லே ஆங்கிலத்தில் 'டொமேட்டோ' ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக அது ஐரோப்பாவை அடைந்தது. மத்தியோலி என்னும் இத்தாலிய மருத்துவர் 1544இல் தம் நூலில் அக்கனியைக் குறித்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின் அதனைப் 'பொன் ஆப்பிள்' என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினார். இன்றும் இத்தாலியில் தக்காளிக்கு அதுவே பெயர்.

பெயர் பொன்னானாலும் அது தட்டில் ஏறுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. நச்சுச் செடிகள் சிலவற்றுக்கு உறவான செடி என்று ஐரோப்பியர் பலர் அதனை அஞ்சினர். தோட்டத்தில் அழகுக்காக வளர்த்தனர். தக்காளி சேர்ந்த சமையற் குறிப்பு இத்தாலிய நூலில் முதன்முதலாக அச்சேறியது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். நேப்பிள்ஸ் நகரில் அந்தோனியோ லத்தீனி என்பவர் வெளியிட்ட நூல் அது. வீரமாமுனிவர் அப்போது சிறுவர்.

நம் நாட்டிலும் அதன் கதை ஏறக்குறைய அப்படியே. போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின் வந்த செடிகளுள் மிளகாயும் உருளைக்கிழங்கும் தக்காளியும் அடங்கும். மூன்றும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் நிலத்தில் முன்னரே மணத்தக்காளியும் சொடக்குத் தக்காளியும் இருந்தன. அவையும் அதே குடும்பம். வந்த விருந்தினருக்கு நம் வீட்டுப் பிள்ளையின் பெயரையே நம் முன்னோர் வைத்துவிட்டனர் போலும். ஆயினும் உள்ளே விடுவதில் தயக்கம் இருந்தது. பல வீடுகளில் இன்றும் திதிச் சமையலில் தக்காளியும் மிளகாயும் சேர்வதில்லை. புளியும் மிளகும் மட்டும் ஆண்ட பழைய சமையலின் நினைவு அது.

ரொட்டியும் வந்த பொருளே. இலங்கைத் தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்பர். அது போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. நம் பக்கத்தில் 'ரொட்டி' என்னும் வடநாட்டுச் சொல் நிலைத்தது. இப்படிப் பார்த்தால், கடல் கடந்து வந்த பொருள்களை உள்ளூர்ப் பொருளாக்கிக் கொள்ளும் வித்தையை இத்தாலியரும் அறிவர், நாமும் அறிவோம்.

இத்தாலியின் நடுப்பகுதியில் தஸ்கனி என்றொரு நிலம் உண்டு. அங்குள்ள ரொட்டியில் உப்புச் சேர்ப்பதில்லை. நாட்டுப்புறங்களில் வாரத்துக்கு ஒரு முறை அடுப்பு மூட்டிப் பெரிய ரொட்டிகளைச் சுட்டு வைத்துக்கொள்வது பழைய வழக்கம். மூன்றாம் நாளே அது கட்டையாகிவிடும். அதனை எறிவதற்கு ஏழைக்கு மனம் வருமா? வாராது. ஆகவே ஊறவைத்துப் பிழிந்து வெங்காயமும் காடியும் சேர்த்துப் பிசைந்தார்கள். தக்காளியோடு வேகவைத்துக் குழம்பாக்கினார்கள். முதல் நாள் காய்கறிக் கஞ்சியில் இட்டு மறுபடியும் கொதிக்க வைத்தார்கள். தணலில் சுட்டு எண்ணெய் விட்டு உண்டது அவற்றுள் மிக எளிய வழி. ஆலிவ் காய்களை ஆட்டும் காலத்தில், செக்கிலிருந்து புதிதாக வடியும் எண்ணெயின் தரத்தை இந்தச் சுட்ட ரொட்டியில் விட்டே சுவைத்துப் பார்ப்பர்.

இதனைக் கேட்கும்போது நம் வீடுகள் நினைவுக்கு வரவில்லையா? மிஞ்சிய சோற்றில் நீரூற்றிப் பழையதாக்குகிறோம். அரைத்து வடகம் பிழிகிறோம். மிஞ்சிய இட்டலியை உதிர்த்துத் தாளித்து உப்புமா ஆக்குகிறோம். சிக்கனம் எல்லா நாட்டுத் தாய்மார்க்கும் ஒரே பாடத்தைத்தான் கற்பித்திருக்கிறது.

இனிச் செய்முறையைச் சொல்கிறேன். நான் வாழ்வது படவேட்டில். ஜவ்வாது மலையின் அடிவாரம். படைவீடு என்பதே படவேடு என மருவியது. 14ஆம் நூற்றாண்டில் சம்புவராய மன்னர்களின் தலைநகராக விளங்கிய ஊர். இன்று ரேணுகாம்பாள் கோயிலாலும் வாழைத் தோட்டங்களாலும் அறியப்படுவது. அங்கே கிடைக்கும் பொருள்களைக் கொண்டே இதனைச் செய்து பார்த்திருக்கிறேன். ஆகவே உங்களுக்கும் இயலும்.

நான்கு துண்டுகளுக்கு வேண்டியவை இவை: வெட்டாத முழு ரொட்டியிலிருந்து விரற்கடை தடிப்பில் அரிந்த நான்கு துண்டுகள், கால் கிலோ பழுத்த தக்காளி, உரித்த பூண்டுப் பல் ஒன்று, கால் தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், சிறிது பச்சிலை.

ரொட்டி நேற்றையதாக இருத்தல் நல்லது. புதிய ரொட்டி ஈரம் மிகுந்தது. சுட்டாலும் உள்ளே பிசுபிசுக்கும். ரொட்டி பழையதாவது வெறும் ஈரம் போவதால் என்று நாம் எண்ணுகிறோம். அது முழு உண்மையன்று. வெந்தபோது குலைந்த மாவுச்சத்தின் மூலக்கூறுகள், ஆறியபின் மறுபடியும் அணிவகுத்து இறுகுகின்றன. அதனாலேயே ரொட்டி விறைக்கிறது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இவ்விறைப்பு இன்னும் விரைவாக நேரும். சூடேற்றும்போது அந்த அணி ஓரளவு குலைந்து, துண்டின் உட்புறம் மீண்டும் மென்மை அடைகிறது. உறையிலிட்டு மெல்லிய துண்டுகளாக விற்கும் இனிப்பு ரொட்டி இதற்குப் பொருந்தாது. தக்காளி பட்டவுடன் கூழாகிவிடும்.

தக்காளியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, உப்புத் தூவிப் பத்து நிமிடம் வையுங்கள். கிண்ணத்தின் அடியில் நீர் திரண்டு நிற்கும். தக்காளியின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே. வெளியே உப்பின் செறிவு மிகும்போது உயிரணுக்களின் உள்ளிருக்கும் நீர் வெளிப்படுகிறது. உயிரியல் பாடத்தில் சவ்வூடு பரவல் என்று படித்தீர்களே, அதுவே இது. நீரை வடித்துவிடுங்கள்; இல்லையேல் ரொட்டி நமுத்துப் போகும். வடித்த நீரைக் கொட்டிவிட வேண்டா. விதையைச் சூழ்ந்த கொழகொழப்பான பகுதியில்தான் தக்காளியின் சுவை மிகுந்திருக்கிறது. அந்நீரை ரசத்தில் சேர்த்தால் ரசம் சிறக்கும்.

எந்தத் தக்காளி? நாட்டுத் தக்காளி என்று நாம் சொல்லும் சாறு மிகுந்த, புளிப்புள்ள வகையே ஏற்றது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வெளிவந்த பி.கே.எம். 1 என்னும் வகையை நம் உழவர் பலர் அறிவர், அதுவும் நன்று. தொலைதூரச் சந்தைக்கு அனுப்புவதற்கென்றே வளர்க்கும் தடித்த தோலுடைய வகைகளில் உறுதி உண்டு; மணம் குறைவு. எவ்வகையாயினும் குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள். கடுங்குளிரில் வைத்த தக்காளியில் மணத்தை உண்டாக்கும் மரபணுக்கள் செயல் குன்றுகின்றன என்று புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினர். நம் பாட்டிமார் தக்காளியை மூங்கிற் கூடையில் வைத்தது வறுமையினால் மட்டுமன்று என்று தெரிகிறது.

அடுத்து, சுடுதல். இங்கே நாட்டுப்புறத்தில் வாழும் உங்களுக்கு நகரத்தாரைவிட வாய்ப்பு மிகுதி. விறகடுப்பில் சமையல் முடிந்தபின் தணல் எஞ்சும் அல்லவா? அப்பளம் சுடும் கம்பி வலையை அதன்மேல் வைத்து, ரொட்டித் துண்டுகளை இருபுறமும் பொன்னிறமாகச் சுடுங்கள். விளிம்பில் ஓரிரு இடம் கருகினால் குற்றமில்லை. தணல் இல்லாதவர் எண்ணெய் தடவாத தோசைக் கல்லில் சுடலாம். சூட்டில் மாவிலுள்ள சர்க்கரைப் பொருளும் புரதத்தின் கூறுகளும் இணைந்து பழுப்பு நிறத்தையும் புதுமணத்தையும் தருகின்றன. இதனை 1912இல் விளக்கியவர் மையார் என்னும் பிரெஞ்சு அறிஞர். தோசையின் முறுகலிலும் காப்பிக்கொட்டை வறுபடும் மணத்திலும் நிகழ்வது இதே வினைதான்.

சுட்ட சூட்டோடு பூண்டுப் பல்லைத் துண்டின்மேல் தேயுங்கள். ரொட்டியின் சொரசொரப்பு அரம்போல் வேலை செய்யும்; பல் கண்ணெதிரே கரைந்து குறையும். முழுப் பூண்டுக்கு மணம் இல்லை. அதன் உயிரணுக்கள் உடையும்போதுதான் அல்லிசின் என்னும் காரப்பொருள் உண்டாகிறது. ஒருமுறை தேய்த்தால் மென்மணம். பலமுறை தேய்த்தால் கடுங்காரம். அளவு உங்கள் கையில்.

பின்னர் எண்ணெய். ஆலிவ் எண்ணெய் கிடைப்பவர் அதனையே விடுங்கள். கிடைக்காதவர் வருந்த வேண்டா. எங்கள் மாவட்டம் நிலக்கடலைக்குப் பெயர் பெற்றது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் நன்றாகவே பொருந்துகிறது. நல்லெண்ணெயின் மணம் வலியது. ஆகவே அளவைக் குறைக்க வேண்டும். தக்காளியின் செந்நிறத்துக்குக் காரணமான லைகோபீன் கொழுப்பில் கரைவது. எண்ணெயோடு உண்டால்தான் உடல் அதனை நன்கு ஏற்கிறது. சுவைக்காகச் செய்த சேர்க்கை உடலுக்கும் நலமாக அமைந்துவிட்டது.

இறுதியாகப் பச்சிலை. இத்தாலியர் 'பசிலிக்கோ' என்னும் இலையைக் கிள்ளிப் போடுவர். அது எங்கோ விளையும் அரிய பொருள் என்று எண்ணாதீர்கள். நம் திருநீற்றுப்பச்சிலை அதே இனத்தைச் சேர்ந்த செடி. அதன் விதையைத்தான் சப்ஜா விதை என்று கோடையில் நீரில் ஊறவைத்துப் பருகுகிறோம். துளசிக்கு அது உடன்பிறப்பு. வடித்த தக்காளியோடு எண்ணெயையும் கிள்ளிய இலையையும் கலந்து, பூண்டு தேய்த்த துண்டுகளின்மேல் பரப்பி, உடனே உண்ணுங்கள். ஐந்து நிமிடம் தாமதித்தாலும் மொரமொரப்புப் போய்விடும். விருந்தினர் இலைமுன் அமர்ந்தபின் கடைசியாகச் செய்ய வேண்டிய உணவு இது.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெரு மாணவர் சிலரை வீட்டின் பின்கட்டில் கூட்டி இதனைச் செய்து காட்டினேன். உண்டு முடித்தபின் கல்லூரியில் படிக்கும் மாணவன் ஒருவன், "ஐயா, இதில் விலையுயர்ந்த பொருள் ஒன்றுமே இல்லையே! பின் ஏன் விடுதிகளில் இதற்கு அத்தனை விலை?" என்று கேட்டான். நல்ல கேள்வி. "இதனை ஆக்கிய மக்கள் இதைப் பற்றி நாணவில்லை, அதனால்தான்," என்றேன்.

நான் ஏன் அவ்வாறு சொன்னேன் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டும். நான் பணியாற்றிய காலத்தில் மலையூர்களிலிருந்து இறங்கி வந்து படித்த பிள்ளைகளை அறிவேன். பள்ளியில் சத்துணவு உண்டு. ஆயினும் சிலர் வீட்டிலிருந்தும் தூக்குச்சட்டி கொண்டுவருவர். அதில் சாமைச் சோறு இருக்கும். அல்லது கேழ்வரகுக் களி இருக்கும். மற்றப் பிள்ளைகள் வெள்ளைச் சோறு உண்ணும்போது, அவர்களுள் ஒருவன் மரத்தின் மறுபுறம் சென்று, மூடியைப் பாதி மட்டும் திறந்து, தலை குனிந்து உண்பான். ஒருநாள் அவனருகில் அமர்ந்து, "எனக்கும் ஓர் உருண்டை கொடு, தம்பி," என்று கேட்டு வாங்கி உண்டேன். மறுநாள் அவன் மரத்தின் இப்புறம் அமர்ந்தான். ஆனால் எத்தனைப் பள்ளிகளில் எத்தனைப் பிள்ளைகள் இன்னும் மரத்தின் மறுபுறமே அமர்ந்திருக்கிறார்களோ!

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அந்தச் சாமையும் கேழ்வரகும் இன்று நகரக் கடைகளில் அழகிய உறைகளில் விற்கின்றன. பொருள் மாறவில்லை, பார்வை மாறியது. இத்தாலிய உழவனின் காய்ந்த ரொட்டிக்கும் அதுவே நிகழ்ந்தது. அயலார் மதித்த பின்பே நம் உணவை நாம் மதிக்க வேண்டும் என்பது இல்லையே! இதனால் களியின்மேல் தக்காளியை வைத்துப் புரூஸ்கெட்டா என்று பெயரிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. களிக்குக் கீரைக் கடைசல் உண்டு. அது நூற்றாண்டுகள் ஆராய்ந்து கண்ட சேர்க்கை. ரொட்டியைச் சுடும்போது ஒவ்வொரு படிக்கும் காரணம் கேட்டோமே, அவ்வாறே களி கிண்டும்போதும் உங்கள் தாயாரிடம் காரணம் கேளுங்கள். மாவை ஏன் கொதிநீரில் இடவேண்டும், துடுப்பால் ஏன் விடாமல் கிளற வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் அறிவியற் சொற்களில் விடை சொல்லமாட்டார்கள். ஆனால் விடை அவர்கள் கையில் இருக்கிறது. அதற்குச் சொல் கொடுப்பது படித்த பிள்ளைகளாகிய உங்கள் கடமை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நான்கு துண்டுக்குக் கால் கிலோ தக்காளி என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். 2023 ஜூலை மாதத்தில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது நாடே அதைப் பற்றிப் பேசிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் மொத்தச் சந்தைகளில் விலை சரிந்து உழவர் தவித்தபோது பேசியவர் சிலரே. பறிக்கும் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் விலை போதாதபோது, உழவன் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுகிறான். அல்லது சாலையோரத்தில் கொட்டுகிறான். தக்காளி காத்திருக்காத பொருள். அதனை விளைவிப்பவனுக்கோ காத்திருக்க வசதியில்லை. ஒரு சிற்றுண்டியால் இத்துன்பம் தீராது. இத்தாலியில் 19ஆம் நூற்றாண்டிலேயே தக்காளியைப் பக்குவப்படுத்தித் தகரக் குப்பிகளில் அடைக்கும் தொழில் வளர்ந்தது. கோடையின் விளைச்சல் குளிர்காலத்துக்கும் பயன்பட்டது. உங்களில் உணவுத் தொழில்நுட்பமும் வேளாண்மையும் வணிகமும் படிப்பவர்கள், மலிந்த காலத்துத் தக்காளியை அரிய காலத்துக்குச் சேமிக்கும் வழியை நம் ஊர்களுக்கு ஏற்பச் சிந்திக்க வேண்டும். அதற்கு முன் அனைவரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: விலை மலிந்த நாளில், உழவரிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் முதல் நாள் வாங்கிய ரொட்டி எஞ்சியிருந்தால், எறியாதீர்கள். தணலை ஊதிவிட்டு, கம்பி வலையைத் தேடி எடுங்கள். முதல் துண்டை அடுப்படியில் நிற்பவர்க்குக் கொடுத்து, அதன் பிறகு நீங்கள் உண்ணுங்கள்.